பழைய கட்டடம்: இடிப்பதா, வைத்துக்கொள்வதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபுக் கட்டடங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வந்து விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடத்தைக் காப்பது என்றால் அதில் ஆள் புழங்க வேண்டும், கூரை ஒழுகக் கூடாது. மற்றதெல்லாம் இவ்விரண்டுக்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். பதில்களில் அந்த வாடை அடிக்கும்.

மரபுக் கட்டடத்தைப் பாதுகாப்பது என்றால் என்னதான் செய்வார்கள்?

குறைந்தது நான்கு வெவ்வேறு வேலைகளுக்கு இந்த ஒரே பெயரை வைத்திருக்கிறோம். பாதிக் குழப்பம் அதனால் வருவது. இருப்பதை மேலும் சிதையாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. கெட்டுப்போன இடத்தை மட்டும் பழுது பார்ப்பது இன்னொன்று. இடையில் சேர்ந்ததையெல்லாம் நீக்கி, ஏதோ ஒரு காலத்துத் தோற்றத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது மூன்றாவது. இல்லாமலே போய்விட்டதை மறுபடி எழுப்புவது நான்காவது. முதல் இரண்டிலும் செலவு குறைவு, தப்பு நடக்கும் வாய்ப்பும் குறைவு. ஆனால் அடைபட்ட கூரைக் குழாயைச் சுத்தம் செய்ததற்கு யாரும் திறப்பு விழா வைப்பதில்லை. பணம் மூன்றாவது பக்கம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சண்டை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது. பிரான்ஸில் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர், மீட்டமைப்பது என்றால் கட்டடத்தை ஒரு முழுமையான நிலைக்குக் கொண்டுவருவது, அந்த நிலை எந்தக் காலத்திலும் உண்மையில் இருந்திராவிட்டாலும் சரி என்றார். இங்கிலாந்தில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு இது அழிவிலேயே மோசமான அழிவாகப் பட்டது. அவர் வழியில் வந்த வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களுக்கென ஒரு பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் அறிக்கை சொன்னது எளிமையானது: அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், ஒழுகும் கூரையை அடையுங்கள். 1964இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி உருவாக்கிய வெனிஸ் சாசனமும் ஏறக்குறைய இந்தப் பக்கமே நின்றது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது அது.

எது மரபுக் கட்டடம்? வயதானாலே போதுமா?

வயது முதல் வடிகட்டி, அவ்வளவுதான். அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் பொதுவாக 50 ஆண்டு கடந்தவற்றையே பரிசீலிப்பார்கள். இங்கிலாந்தில் 1700க்கு முன் கட்டப்பட்டு, ஓரளவாவது பழைய நிலையில் நிற்பவை எல்லாமே அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேரும். 1850 வரை கட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை சேரும். அதற்குப் பின் வந்தவற்றுக்குச் சல்லடை இறுகிக்கொண்டே போகும். அந்தக் கட்டடம் எந்தக் கைவினையைக் காட்டுகிறது, யார் வாழ்ந்தார்கள், என்ன நடந்தது, பக்கத்துக் கட்டடங்களோடு சேர்ந்து ஒரு தெருவாக நிற்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

கடைசியாகச் சொன்ன காரணத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. இங்கிலாந்துப் பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள் உள்ளன. அவற்றில் மிக உயர்ந்த முதல் தரத்தில் இருப்பவை ஏறக்குறைய 2.5 சதவீதம். 90 சதவீதத்துக்கு மேல் இரண்டாம் தரம்: வரிசை வீடுகள், கிடங்குகள், சிறு பாலங்கள், சில சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகள் கூட. அரண்மனைக்கும் கோட்டைக்கும் பரிந்து பேச எப்போதும் ஆள் இருக்கும். சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பவை, தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும் சாதாரணக் கட்டடங்களே.

இதனால் நகரத்துக்கு என்ன லாபம்? அழகு, பெருமை என்பதைத் தவிர ஏதாவது உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் அழகையும் பெருமையையும் கடைசியில் வைப்பேன்.

முதல் லாபம் வாடகையில் இருக்கிறது. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். புதுக் கட்டடம் என்றால் கட்டிய கடனும் வட்டியும் வாடகையில் ஏறியே தீரும். அதைக் கட்டுபவர்கள் யார்? வங்கிகள், பெரிய தொடர் கடைகள், ஏற்கெனவே காலூன்றிவிட்ட நிறுவனங்கள். கடன் தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆன, கொஞ்சம் தேய்ந்துபோன கட்டடத்தில் சின்ன அச்சகமும் நாடகக் குழுவின் ஒத்திகை இடமும் வாசிப்பு அறையும் பழுது பார்க்கும் பட்டறையும் வாழ முடியும். புது யோசனையோடு வருகிறவரிடம் பெரும்பாலும் பணம் இருக்காது. அவருக்குப் பழைய கட்டடம்தான் கட்டுப்படியாகும். எல்லாமே பழையதாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப்ஸ் கேட்கவில்லை. ஒரே தெருவில் பல வயதுக் கட்டடங்கள் கலந்திருக்க வேண்டும் என்றார். ஒரே நாளில் பிறந்த பேட்டை ஒரே நாளில் மூப்படையும்.

இரண்டாவது, வேலை. புதிதாகக் கட்டும்போது செலவில் பெரும்பகுதி சிமென்ட், இரும்பு, கண்ணாடி என்று பொருளுக்குப் போகிறது. அவை பெரும்பாலும் வெளியூர் ஆலைகளிலிருந்து வருபவை. பழுது பார்க்கும் வேலையிலோ பங்கு கைகளுக்குப் போகிறது: கொத்தனார், தச்சர், கல் தச்சர், கூரை வேய்பவர். அந்தக் கூலி அதே ஊரில் செலவாகிறது.

மூன்றாவது, நடக்கத் தூண்டும் தெரு. குறுகிய மனைகளில் நெருங்கி நிற்கும் பழைய கட்டடங்கள் பத்தடிக்கு ஒரு வாசல், ஒரு படி, ஒரு திண்ணை, ஒரு ஜன்னல் என்று கண்ணுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும். தெருவின் ஒரு பக்கம் முழுவதையும் வளைத்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடத்துக்கு ஒரே வாசல், ஒரு காவலாளி. அந்த வழியே போகிறவருக்கு ஓரமாகக் கடந்துபோவதைத் தவிர வேறு வேலையில்லை.

சுற்றுலா வருமானமும் உண்மையே. ஆனால் பாதுகாப்புக்கு அதையே தலையாய காரணமாக்குவது எனக்கு உடன்பாடில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கீழே வெனிஸ் பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

புதுக் கட்டடம் மின்சாரத்தை மிச்சப்படுத்துமே. இடித்துக் கட்டினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

மின் கட்டணத்தை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் அந்தக் கட்டடத்தை எழுப்பவே எவ்வளவு கரி எரிந்தது என்பது கட்டணச் சீட்டில் வராது. சிமென்ட் தயாரிப்பு மட்டுமே உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம். அதோடு இரும்பு, கண்ணாடி, இடித்த குப்பையை லாரியில் ஏற்றிக் கொட்டுவது எல்லாம் சேரும். நின்றுகொண்டிருக்கும் கட்டடம் அந்தக் கடனை என்றோ அடைத்துவிட்டது.

அமெரிக்காவின் மரபுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 2011இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இருப்பதைவிட 30 சதவீதம் சிக்கனமான புதுக் கட்டடம், தான் பிறந்தபோது உண்டாக்கிய பாதிப்பை ஈடுகட்ட 10 முதல் 80 ஆண்டுகள் ஆகும் என்று வந்தது. கட்டடத்தின் வகையையும் ஊரின் தட்பவெப்பத்தையும் பொறுத்து எண் மாறும். நாம் கார்பனைக் குறைக்க வேண்டியதோ இந்தப் பத்து இருபது ஆண்டுகளில்.

இது நூறாண்டுக் கட்டடங்களுக்கு மட்டும் பொருந்துவதல்ல. லாகத்தோன், வசால் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இணை போர்தோ நகரில் 1960களின் அடுக்குமாடிக் குடியிருப்பில் 530 வீடுகளை இடிக்காமலேயே மாற்றியது. ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கம் வெளிச்சமான கூடம் ஒன்றைச் சேர்த்து ஒட்டினார்கள். வேலை நடந்தபோதும் குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். 2021இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு இவர்களுக்குப் போனது. அந்த வீடுகளை யாரும் அழகு என்று சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் காப்பாற்றியது லாபமாக முடிந்தது.

ஒரு கட்டடம் போனால் என்ன? ஊர் மாறிக்கொண்டேதானே இருக்கும்?

நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் கதை இதற்குப் பொருந்தும். 1910இல் திறந்தது. ரோமானியக் குளியல் மண்டபங்களின் பாணியில் கல் தூண்களும் வானளாவிய கூடமும் கொண்டது. ரயில் கம்பெனிக்குக் கையிருப்பு வற்றியதும் நிலையத்துக்கு மேலே கட்டும் உரிமையை விற்றுவிட்டது. 1963 அக்டோபரில் இடிப்பு தொடங்கியது. தூண்களும் சிற்பங்களும் நியூ ஜெர்சியின் சதுப்பு நிலத்தில் போய் விழுந்தன. மேலே விளையாட்டரங்கம் எழுந்தது. ரயில் நிலையம் அதற்கு அடியில் தாழ்ந்த கூரையுள்ள நிலவறையாகச் சுருங்கியது.

இரண்டே ஆண்டில், 1965இல், அந்த நகரம் மரபுச் சின்னச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்து கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் 50 மாடிக்கும் மேற்பட்ட கோபுரம் வைக்கத் திட்டம் வந்தபோது இந்தச் சட்டம் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978இல் நகரமே வென்றது. இன்று அந்த நிலையத்தின் கூடத்தில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்கும் விட்டத்தை இன்னொரு நிலையத்தின் சாவு காப்பாற்றியது என்று சொல்லலாம்.

ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. நிலவறை நெரிசல் தாங்காமல், 2021இல் பயணிகளுக்காகப் புதுக் கூடம் ஒன்று திறந்தார்கள். அது தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த பழைய அஞ்சலகக் கட்டடத்துக்குள் அமைந்தது. இடித்த நிலையத்தை வடிவமைத்த அதே நிறுவனம் வரைந்த கட்டடம் அது. இடிக்காமல் விட்டு வைத்திருந்ததால் கைகொடுத்தது.

சொந்தக்காரர் நிலை? ஊருக்காக அவர் நஷ்டப்பட வேண்டுமா?

நியாயமான கேள்வி. மரபு ஆர்வலர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் சேர்த்துவிட்டு ஒரு காசும் தராமல் 'இடிக்காதே' என்று மட்டும் சொன்னால், சொந்தக்காரர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: ஒன்றுமே செய்யாமல் இருப்பது. ஓடு உடைந்தால் மாற்ற மாட்டார். இரண்டு மழைக்காலத்தில் உத்தரம் உளுத்துவிடும், பிறகு ஆபத்தான கட்டடம் என்று அரசே சான்றிதழ் கொடுத்து இடிக்கச் சொல்லும்.

இதைத் தவிர்க்கப் பல நாடுகள் பல வழிகளைக் கண்டுபிடித்துள்ளன. அமெரிக்காவில் வருமானம் தரும் மரபுக் கட்டடத்தை விதிப்படி சீரமைத்தால் தகுதியான செலவில் 20 சதவீதத்தை மத்திய வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பிரான்ஸில் 1962இல் வந்த மால்ரோ சட்டம் தனிக் கட்டடத்தை விட்டுவிட்டு முழுப் பேட்டையைப் பாதுகாக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதையொட்டிச் சீரமைப்போருக்கு வரிச் சலுகையும் வந்தது. இடிபாடாகிக்கொண்டிருந்த பாரிஸின் மாரே பகுதி அதில் பிழைத்தது.

இன்னொரு வழி, மேம்பாட்டு உரிமையை மாற்றிக்கொடுப்பது, சுருக்கமாக டிடிஆர். உங்கள் மனையில் பத்து மாடி கட்ட விதி இடம் தருகிறது, ஆனால் நிற்பதோ இரண்டு மாடி மரபுக் கட்டடம் என்றால், கட்டாத எட்டு மாடியின் உரிமையை வேறு மனைக்காரருக்கு விற்றுக்கொள்ளலாம். கிராண்ட் சென்ட்ரல் தீர்ப்பில் இது முக்கியமான வாதமாக இருந்தது. வாங்க ஆள் இருக்கும் ஊரில், எங்கே அதிகமாகக் கட்ட விடுவது என்பதையும் கறாராக நிர்ணயித்தால் இது ஓடும். எல்லா மனைக்கும் தாராளமாகத் தள அனுமதி கிடைக்கும் ஊரில் அந்த உரிமையை எவர் காசு கொடுத்து வாங்குவார்?

பழைய சுவரில் சிமென்ட் பூசினால் உறுதியாகிவிடும் அல்லவா?

இந்த ஒரு தவறில் போன கட்டடங்கள் ஏராளம். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

இன்று நாம் சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். அதற்கு முன் கட்டியவை, அதற்குப் பின் வெகுகாலம் கட்டியவையும்கூட, பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் நிற்பவை. சுண்ணாம்புக் காரை மென்மையானது, நுண்துளைகள் கொண்டது. தரையிலிருந்து ஏறும் ஓதமும் மழையில் ஊறிய நீரும் அந்தத் துளைகள் வழியாக வெளியேறி ஆவியாகும். சுவர் நனையும், காயும், மறுபடி நனையும். இப்படியே நூற்றாண்டுகள் போகும். நீரோடு வரும் உப்பும் காரையிலேயே பூத்துக் காரையையே அரிக்கும். காரை செங்கல்லுக்காகத் தன்னைக் கொடுக்கிறது. சில பத்தாண்டுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும்.

இதன்மேல் சிமென்ட் பூசினால் வாசல் அடைபடும். உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்புக்கு வரும். உப்பு இப்போது செங்கல்லுக்குள் பூக்கும். செங்கல்லின் முகம் தகடு தகடாக உதிரும். விரலால் தேய்த்தால் செம்மண் தூளாகக் கொட்டும். சிமென்ட் மட்டும் வெளியே அசையாமல் நிற்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தில் 'டொக்' என்று இறுகிய சத்தம் வரும், விட்டுப்போன இடத்தில் வெற்றுத் தகர டப்பாவைத் தட்டியதுபோல் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு சுவரை ஒருமுறை தட்டியபோது மேசை அளவு பூச்சு ஒரே பலகையாக என் காலடியில் வந்து விழுந்தது. பின்னால் செங்கல் வரிசையில் பாதி இல்லை.

படித்தவர்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலைக் கட்டிய பழங்கிரேக்கர்கள் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்து, இரும்பைச் சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். துரு அண்டவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் மீட்டமைத்தபோது ஈயம் இல்லாமல் இரும்பை வைத்தார். துருப்பிடித்த இரும்பு உப்பியது, இரண்டாயிரம் ஆண்டு விரியாத பளிங்கு விரிசல் விட்டது. 1975இல் அமைந்த குழு இன்றுவரை அந்த இரும்பைப் பிடுங்கிவிட்டு டைட்டானியம் வைத்துக்கொண்டிருக்கிறது.

எனவே பழைய சுவரில் கைவைக்கும் முன் அது எந்தச் சாந்து என்று பாருங்கள். கூடுதல் பலம் என்று யாராவது சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். சுவரைவிடப் பூச்சு கடினமாக இருக்கக் கூடாது என்பது பழங்கட்டட வேலையில் பாலபாடம்.

முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு, பின்னால் புதிதாகக் கட்டிக்கொண்டால்?

கிராமபோன் பெட்டிக்குள் ப்ளூடூத் ஸ்பீக்கரை வைப்பதுபோல. சில சமயம் உள்ளே தீயில் எரிந்து ஒன்றுமே மிஞ்சாதபோது இது ஒன்றுதான் வழி. அதைத் தவிர்த்தால், கட்டடத்தைக் காப்பாற்றியதாகக் கணக்குக் காட்ட உதவும் தந்திரம். பழைய ஜன்னல்களுக்குப் பின்னால் பொருந்தாத உயரத்தில் புதுத் தளத்தின் கான்கிரீட் விளிம்பு தெரியும். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அது மட்டும்தான் கண்ணில் படும்.

பழைய கட்டடத்தைப் புதுப் பயன்பாட்டுக்கு மாற்றினால் அதன் மரபு கெடாதா?

மாற்றாமல் விட்டவைதான் பெரும்பாலும் கெட்டிருக்கின்றன. ரோமின் பாந்தியன் என்ற பழங்கோயில் ஏறக்குறைய கி.பி. 126ஆம் ஆண்டுக் கட்டடம். கம்பியே இல்லாத கான்கிரீட் குவிமாடம், விட்டம் 43 மீட்டர், இன்றும் அந்த வகையில் உலகிலேயே பெரியது. அது பிழைத்ததற்கு உறுதி மட்டும் காரணமல்ல. 609இல் அது தேவாலயமானது. அதனால் யாரோ ஒருவர் எப்போதும் கூட்டினார், கூரையைப் பார்த்துக்கொண்டார். அதே ஊரின் பழைய அரங்கமான கொலோசியத்துக்கு வேலை இல்லாமல் போனது. நூற்றாண்டுக் கணக்கில் ஊரார் அதைக் கல் குவாரியாகவே பயன்படுத்தினார்கள்.

குரோஷியாவின் ஸ்பிலிட் இன்னும் சுவையான ஊர். நான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வெடுக்கக் கட்டிய அரண்மனைக்குள், ஏழாம் நூற்றாண்டில் அண்டை நகரம் வீழ்ந்தபோது அகதிகள் புகுந்தார்கள். அவர்கள் வெளியேறவே இல்லை. பேரரசரின் கல்லறை மண்டபம் தேவாலயமானது, தாழ்வாரங்கள் தெருக்களாயின. இன்றும் ரோமானியத் தூண்களுக்கிடையே துணி காய்கிறது.

நம் காலத்துக்கு வந்தால், 1900இல் திறந்த பாரிஸின் ஓர்சே ரயில் நிலையம் இடிபடுவதிலிருந்து மயிரிழையில் தப்பி 1986இல் அருங்காட்சியகமானது. லண்டனில் 1981இல் மூடிய பாங்க்சைட் மின் நிலையத்தின் விசையாழிக் கூடம் 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் நுழைவு மண்டபமானது. இப்படி அருங்காட்சியகமாக்குவது கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒரு நகரத்துக்கு எத்தனை அருங்காட்சியகம் வேண்டும்? வீடாக இருந்தது வீடாகவே, கடையாக இருந்தது கடையாகவே தொடர்ந்தால் எனக்கு அதிக மகிழ்ச்சி. எது மாற்றினாலும், பின்னால் வருபவர் திரும்பக் கழற்றக்கூடிய விதத்தில் மாற்றுங்கள். இரண்டு நூற்றாண்டு உத்தரத்தை அறுத்துக் குளிரூட்டிக் குழாயைக் கொண்டுபோனால் அதைத் திருப்பித் தர முடியாது.

போரிலோ தீயிலோ போனதை அப்படியே மறுபடி கட்டினால் அது அசலா, போலியா?

போலந்துத் தலைநகர் வார்சாவின் பழைய நகரம், நாஜிகளுக்கு எதிரான 1944 எழுச்சிக்குப் பின் 85 சதவீதத்துக்கு மேல் அழிக்கப்பட்டது. போருக்கு முன் மாணவர்களும் ஆசிரியர்களும் எடுத்திருந்த அளவு வரைபடங்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ தீட்டிய நகரக் காட்சி ஓவியங்கள் இவற்றை வைத்து மக்கள் அதை எழுப்பினார்கள். 1980இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கல் புதியது, ஆனால் எழுப்பிய செயலே வரலாறு. போஸ்னியாவின் மோஸ்தார் பாலம் 1993இல் குண்டு வீச்சில் ஆற்றில் விழுந்து 2004இல் திரும்ப வந்ததும் இதே ரகம்.

ஜப்பானின் இசே கோயில் நம் கேள்வியையே தலைகீழாக்கிவிடும். 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே வடிவில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரிப்பார்கள். கடைசியாக 2013இல், 62ஆவது முறை. அங்கே காக்கப்படுவது மரமல்ல, தச்சரின் கை. எது அசல் என்பதற்கு எல்லாப் பண்பாட்டுக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் கிடையாது என்று, 1994இல் ஜப்பானின் நாரா நகரில் வல்லுநர்கள் கூடி உருவாக்கிய நாரா ஆவணம் ஒப்புக்கொண்டது.

பாரிஸின் நோத்ரதாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்து 2024 டிசம்பரில் திறந்தது. அதன் கூர்கோபுரம் முன்பு சொன்ன அதே வியோலே-லெ-துக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் விருப்பத்தில் வரைந்தது. புதிய வடிவம் வைக்கலாமா என்று பேச்சு எழுந்து, கடைசியில் அவருடையதையே திரும்ப வைத்தார்கள். எந்தக் கற்பனையைத் தவறு என்று ஒரு தலைமுறை திட்டியதோ அது இப்போது மரபு. இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். வரைபடமும் அளவும் புகைப்படமும் முன்பே இருந்த ஊர்களால்தான் திரும்பக் கட்ட முடிந்தது.

மரபுப் பகுதி ஆனதும் வாடகை ஏறி, இருந்தவர்களே வெளியேறிவிடுகிறார்களே?

ஆம், நடக்கிறது. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் பல தலைமுறைகளாக மக்கள் குடியிருந்தார்கள். 2000இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் பலர் வெளியேறினார்கள். 2008இல் உலக மரபுப் பட்டியலில் இடம் கிடைத்தபோது மனை விலை மேலும் எகிறியது. கட்டடங்கள் பளபளத்தன, உள்ளே விடுதிகள் வந்தன. வெனிஸின் பழைய மையத்தில் 1951இல் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். இப்போது 50,000க்கும் கீழே. கல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, இரவில் விளக்கு எரியும் ஜன்னல்கள்தான் குறைந்துகொண்டே போகின்றன.

ஆனால் இதுதான் விதி என்றில்லை. இத்தாலியின் போலோக்னா நகராட்சி 1970களில் பொது வீட்டு வசதிக்கான நிதியை ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு கட்டாமல் பழைய மையத்து வீடுகளைச் சீரமைக்கத் திருப்பியது. குடியிருந்தவர்களே கட்டுப்படியாகும் வாடகைக்குத் திரும்பி வர வேண்டும் என்பதுதான் திட்டம். சுவரைக் காப்பதற்கு ஒரு சட்டமும், உள்ளே இருப்பவருக்கு இன்னொரு சட்டமும் ஒரே நாளில் வர வேண்டும். முதலாவது மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே இரண்டு ஊர்கள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் காத்தால் ஊர் உறைந்துபோகாதா? வீடு கட்டவே இடமிருக்காதே?

எல்லாவற்றையும் காக்க வேண்டியதில்லை. பொருளியலாளர் எட்வர்ட் கிளேசர் போன்றவர்கள், பரந்த பகுதிகளை மரபு மண்டலமாக்கினால் வீடுகளின் எண்ணிக்கை கூடாமல் விலை ஏறும் என்று எச்சரிக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. தங்கள் தெருவில் வேறு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக மரபைக் கவசமாகத் தூக்குபவர்களையும் பார்க்கலாம். ஒரு வாகன நிறுத்துமிடத்தை வரலாற்றுச் சின்னம் என்று வாதிடும் அளவுக்கு அது போகும்.

ஆனால் பழையது என்றாலே நெருக்கம் குறைவு என்பது தவறு. பெரும்பாலும் ஆறேழு மாடிப் பழைய கட்டடங்களால் ஆன பாரிஸில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 பேர் வசிக்கிறார்கள். பல புதுக் கோபுர நகரங்களால் அதைத் தொட முடியாது. இடிக்கத் துடிப்பவர்கள் முதலில் காலி மனைகளையும் ஒற்றை மாடி வாகன நிறுத்தங்களையும் காட்டட்டும்.

தீ, நிலநடுக்கம், சக்கர நாற்காலி இவற்றுக்கெல்லாம் பழைய கட்டடம் ஈடுகொடுக்குமா?

மூன்றும் உண்மையான குறைகள், மூன்றுக்கும் வழி உண்டு. சுவரையும் தளத்தையும் இரும்புக் கம்பிகளால் பிணைப்பது நிலநடுக்கத்துக்குப் பழைய, நம்பகமான வைத்தியம். புதுக் கட்டடத்துக்கு எழுதிய விதியை வரிக்கு வரி பொருத்தினால் படிக்கட்டையே இடிக்க வேண்டிவரும். அதே பாதுகாப்பு வேறு வழியில் கிடைக்கிறதா என்று பார்க்கும் அதிகாரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

என் பொறுப்பில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

நிபுணரை அழைப்பதற்கு முன், நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடையை எடுத்துக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வெயில் நாளில் எந்தப் பொறியாளராலும் கண்டுபிடிக்க முடியாததை மழை காட்டிக்கொடுக்கும். கூரை நீர் எங்கே இறங்குகிறது, குழாயின் எந்த மூட்டில் பிதுங்குகிறது, சுவரில் எந்த இடம் மற்றதைவிடக் கறுத்திருக்கிறது, இறங்கிய நீர் அடிச்சுவரை விட்டு விலகி ஓடுகிறதா, அங்கேயே தேங்குகிறதா என்று பாருங்கள். வெடிப்பில் முளைத்த செடி இருந்தால் அது விரல் அளவில் இருக்கும்போதே வேரோடு எடுங்கள். கைத்தடி அளவு தடித்துவிட்டால் வேர் கல்லைப் பிளந்திருக்கும், இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும்.

பார்த்ததையெல்லாம் தேதி போட்டுப் படம் எடுங்கள். விரிசல்களின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அப்போது நிபுணரைக் கூப்பிடுங்கள். தாண்டவில்லை என்றால் அது பெரும்பாலும் என்றோ நின்றுபோன பழைய விரிசல். அதைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிட்டு, அடைபட்ட குழாயைப் பார்க்கப் போகலாம்.